அடிபம்பில் பறங்கி ரசம்

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலும் செந்நிறத் தேரி மணலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கிற சிப்பித்துறையில், சாம்பல் புதனுக்கு மறுநாள் காலையில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அடிபம்பில் தண்ணீருக்குப் பதிலாகப் போர்ச்சுகல் நாட்டுத் திராட்சரசம் வரத் தொடங்கியது. அதை முதலில் பிடித்துக்கொண்டு போனவள் மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற மெற்றில்டா, அவள் அதை ரசம் என்று அறியவில்லை, தண்ணீர் புளித்துப்போய்விட்டது என்று நினைத்தாள், நினைத்ததோடு நில்லாமல் அதை ஊற்றி மீன்குழம்பும் வைத்துவிட்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பம்பில் நல்ல தண்ணீர் வந்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. கோடையில் உப்பாக வரும், மழையில் துருவாக வரும், ஒரு வருடம் முழுக்க அழுகின முட்டை நாற்றத்தோடு வந்தது, அதற்கும் ஊர் பழகிக்கொண்டது. ஆகவே வெளிறிய மஞ்சளில் லேசாகப் பச்சை தட்டி, குடத்துக்குள் சின்னச் சின்னக் குமிழி விட்டுக்கொண்டிருந்த அந்தத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்த மெற்றில்டா, நல்லதாய்ப் போயிற்று, இன்றைக்குப் புளி கரைக்கிற வேலை மிச்சம் என்று மட்டும் நினைத்தாள்.

மத்தியானம் சாப்பிட வந்த வள்ளக்காரர்கள் முதல் உருண்டையை வாயில் போட்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஊளி மீன் அதே ஊளி மீன்தான், தேங்காயும் மல்லியும் அதே அம்மியில் அரைத்ததுதான், ஆனால் குழம்பின் அடியில் எங்கிருந்தோ ஒரு குளிர்ந்த காற்று அடித்தது, பச்சை எலுமிச்சை இலையைக் கசக்கின மாதிரி ஒரு வாசம் மூக்கின் பின்பக்கமாக ஏறியது, சோற்றுக்கு மேல் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். என்ன போட்டாய் என்று கேட்டதற்குப் பம்புத் தண்ணீர் என்று மெற்றில்டா சொன்னாள். அவள் விளையாடுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள், கப்பல் கொர்நேலியைத் தவிர.

கப்பல் கொர்நேலி சரக்குக் கப்பலில் சாப்பாட்டறைப் பணியாளாக உலகம் சுற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய கப்பல் எப்போதோ ரிப்பேருக்காகப் போர்ச்சுகல் துறைமுகங்களில் மாதக்கணக்கில் கிடந்ததாகச் சொல்வார், அந்த மாதங்கள் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கொஞ்சம் கூடும். அவர் குடத்துக்குள் மூக்கை விட்டார், ஒரு டீ கிளாஸில் மொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார், இது வின்ஹோ வெர்தே, பச்சை ரசம், பச்சை என்றால் நிறத்தால் அல்ல, இளசு என்பதால், அந்த நாட்டின் வடக்கு மூலையில் மழை விடாமல் பெய்கிற ஊர்களில் இதை வெயில் காலத்தில் மீனோடு குடிப்பார்கள் என்று சொன்னார். நம்பாதவர்கள் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். வைத்தவர்கள் நம்பினார்கள்.

ஏன் வந்தது, எப்படி வந்தது என்ற ஆராய்ச்சி அன்று சாயங்காலம் வரை நடந்தது. நானூறு வருடத்துக்கு முன்னால் இந்தக் கடலில் முங்கின பறங்கிக் கப்பலின் பீப்பாய்கள் மணலுக்கடியில் ஊர்ந்து ஊர்ந்து பம்புக் குழாய்க்கு வந்து சேர்ந்திருக்கும் என்றார்கள் சிலர்; நம் ஊரில் மச்சாதோவும் மிராந்தாவும் தல்மேதாவுமாகப் பறங்கிப் பேர் வைத்துக்கொண்டு இத்தனை தலைமுறை கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அந்த நாட்டிலிருந்து ஏதாவது ஒன்று வராமலா இருக்கும் என்றார்கள் வேறு சிலர். காரணம் கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன, பின்னால் இருக்கிற குடங்கள் நகர வேண்டும் என்று வரிசையில் நின்ற பெண்கள் சொன்னதோடு ஆராய்ச்சி முடிந்தது. அதற்குப் பறங்கி ரசம் என்று பேரும் விழுந்தது.

பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சாம்பல் பூசிக்கொண்ட ஆண்கள் எல்லோரும் தபசு முடிந்து ஈஸ்டர் பிறக்கிறவரை குடிப்பதில்லை என்று மாதாவுக்கு முன்னால் வாக்குக் கொடுத்திருந்தார்கள், கொடுத்த மறுநாள் பம்பில் இது வருகிறது. பங்குச்சாமி வின்சென்ட் நல்ல மனிதர், ஆனால் அவசரமாக எதையும் தீர்ப்பவர் அல்லர். பூசைக்கு உதவுகிற கோயில்பிள்ளையை எதிரே உட்காரவைத்துக்கொண்டு ஒரு கிளாஸை ஒரு மணி நேரம் குடித்தார், பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சொன்னார்: பம்பில் வருவதை ஊர் எப்போதும் தண்ணீர் என்றே சொல்லிவந்திருக்கிறது, உப்பு வந்தபோதும் தண்ணீர் என்றோம், துரு வந்தபோதும் தண்ணீர் என்றோம், நல்லது வரும்போது மட்டும் வேறு பேர் சொல்வது நன்றிகெட்ட வேலை. தான் பூசையில் பயன்படுத்துகிற ரசம் இதன் கால்தூசுக்குப் பெறாது என்பதையும் வருத்தத்தோடு ஒத்துக்கொண்டார்.

அனுமதி கிடைத்ததும் வள்ளக்காரர்களில் அவசரக்காரர்கள் பம்படிக்கே போய், பிடித்து, நின்ற நிலையில் மடமடவென்று கவிழ்த்தார்கள். கவிழ்த்தவர்கள் எல்லோரும் காறித் துப்பினார்கள். தொண்டையில் இறங்கியது வெறும் கடல்தண்ணீர். அதே குடத்திலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவிக்கு எதிரே உட்கார்ந்து, நெத்திலி வறுவலோடு சொட்டுச் சொட்டாகக் குடித்தவனுக்கோ அது ரசமாகவே இருந்தது. இப்படித்தான் இந்த ரசத்தின் குணம் ஊருக்குத் தெரியவந்தது, அவசரம் அதற்கு ஆகாது, தனிமையும் ஆகாது, எதிரே ஒரு ஆள் வேண்டும்.

மூன்றாவது குணத்தை ஊருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஊர்க்கமிட்டித் தலைவர் தல்மேதா. இரண்டாவது வாரம் பம்பில் நிறம் மாறி, நாவல்பழச் சாறு போல் கருஞ்சிவப்பாக ஒரு ரசம் வந்தது. டோரு என்கிற ஆற்றின் இரண்டு பக்கமும் கல்மலையைப் படிபடியாக வெட்டிக் கொடி வளர்க்கிறார்கள், அறுத்த பழத்தைக் கல்தொட்டியில் கொட்டி ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வரிசையாக நின்று காலால் மிதிக்கிறார்கள், ஒருவன் குரல் கொடுக்க மற்றவர்கள் கால் தூக்குவார்கள் என்று கொர்நேலி சொன்னதும், அப்படியானால் நாம் கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டுப் போடுகிற மாதிரிதான் என்று ஊருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. தல்மேதா கமிட்டிக்காரர்கள் முன்னால் ஒரு மிடறு குடித்து, ஆகா, அமிர்தம், ரோஜாவும் சந்தனமும் ஏலமும் கலந்த வாசம் என்று பிரசங்கம் செய்தார். அவர் சொல்லச் சொல்ல அவர் கிளாஸில் இருந்த சிவப்பு வெளுத்து வெளுத்து, கடைசியில் கண்ணாடி மாதிரி தெளிந்த உப்புத் தண்ணீர் நின்றது. அடுத்த கிளாஸை வாங்கி, வெகுநேரம் யோசித்து, வெட்கத்தோடு, என் மாமியார் வீட்டுப் பரணில் பழைய பலகைப் பெட்டியைத் திறந்தால் வருகிற வாசம் என்றார். சிவப்பு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு சிப்பித்துறையில் யாரும் படித்த வார்த்தையால் குடிக்கவில்லை, தெரிந்த வார்த்தையால் குடித்தார்கள். மழை நனைத்த பாறை என்றார்கள், வெயிலில் காய்ந்த வலைக்கயிறு என்றார்கள், பிள்ளை பெற்ற வீட்டில் சாம்பிராணி போட்ட மறுநாள் என்று ஒருத்தி சொன்னாள், அதைக் கேட்டு அந்தத் தெருவே ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டது. ஒரு கிளாஸ் முடிய அவ்வளவு நேரம் பிடித்ததால் யாருக்கும் போதை ஏறவில்லை, ஏறினாலும் அது சந்தோஷத்தோடு நின்றுவிட்டது. தனியாக இருப்பவர்களுக்கு எதிரே உட்கார யார் போவது என்ற கேள்வி வந்தபோது, திருவிழாவுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் என்று முறை வைப்பதுபோல் அதற்கும் முறை வைத்து, இன்று இன்னாருக்கு இன்னார் எதிராள் என்று பூசை முடிந்ததும் கோயிலில் அறிவித்தார்கள். வருடக்கணக்காக யாரும் படியேறாத கத்தரீன் வீட்டுக்குத்தான் எதிராளாகப் போகப் போட்டி. அவள் ஒரு மிடறுக்கு ஒரு கதை சொன்னாள்.

இத்தனைக்கும் முதல் குடம் பிடித்த மெற்றில்டாவின் வீட்டில்தான் எதிரே ஆள் இல்லை. புருஷன் இல்லாமல் இல்லை. ரெமிஜியுஸ் இருந்தான், சொந்த வள்ளம், சொந்த எஞ்சின், ஊரில் நல்ல பேர், ஆனால் நான்கு வருடமாகக் கரைக்கு வந்ததும் நெடுஞ்சாலைக் கடைக்குப் போய் நின்றபடி பிராந்தி ஊற்றிக்கொண்டு, அந்தி சாய்ந்து வீட்டுக்கு வந்து, வைத்ததைச் சாப்பிட்டு, நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படுத்துவிடுவான். அந்த வார்த்தையைக் கேட்கக் கேட்க மெற்றில்டாவுக்கு உடம்பெல்லாம் எரியும்.

ஏனென்றால் அவள் அவனைக் கட்டியதே அவன் நாக்கைப் பார்த்துத்தான். வாலிபனாக அவளுடைய அம்மாவின் கடைக்குச் சாப்பிட வந்தவன், அடுப்படியில் நின்ற முகம் தெரியாத பெண்ணைப் பார்த்து, இன்றைக்கு மல்லியை ஒரு சுற்று அதிகமாக வறுத்துவிட்டாய் போலிருக்கிறதே என்று கேட்டான். மீன் காலையில் பிடித்ததா நேற்று அந்தியில் பிடித்ததா என்று சொல்வான், அரைத்தது அவள் கையா அவள் அம்மா கையா என்று சொல்வான். உலகத்தில் தன்னை இவ்வளவு கவனிக்கிறவன் இன்னொருவன் இருக்கமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது, தோன்றியது தப்பும் இல்லை, பல வருடம் அப்படித்தான் இருந்தான். பிறகு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் விழுந்து எழுந்தான், எழுந்தவன் பிராந்திக்குப் போனான், குழம்பைப் பற்றிப் பேசுவதை விட்டான். ஒருநாள் ஆத்திரத்தில் அவன் பங்குக் குழம்பில் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தாள். அதையும் சாப்பிட்டு நல்லா இருக்கு என்றான். இவனுக்கு நான் செத்தால் என்ன, இருந்தால் என்ன என்று அன்றைக்கு அவள் முடிவு கட்டிவிட்டாள்.

ஆனாலும் ஊரெல்லாம் இரண்டு இரண்டு கிளாஸாக எடுத்து வைக்கும்போது ஒருத்திக்கு ஆசை வராமல் இருக்குமா? டோரு ரசம் வந்த வாரத்தில் ஒரு மத்தியானம், கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்த ரெமிஜியுஸை அவள் கூப்பிட்டு உட்காரவைத்தாள். கணவாயை மிளகு போட்டுப் பிரட்டி வைத்தாள், இரண்டு கிளாஸில் ரசம் ஊற்றினாள், எதிரே உட்கார்ந்தாள். அவன் குடித்தான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் பழைய நாக்கு இதற்கு என்ன சொல்லும், ஊரே சொல்லாத எதைச் சொல்லும் என்று காத்திருந்தாள். நல்லா இருக்கு என்றான் அவன். அவன் கையில் இருந்த கிளாஸ் அவள் கண்ணுக்கு முன்னால் வெளுத்தது.

அவன் அதைப் பார்த்தான். அவள் பார்த்ததையும் பார்த்தான். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான், அன்றிலிருந்து கடலுக்குப் போகாத நாளிலும் மத்தியானத்தில் வீட்டுப் பக்கமே வரவில்லை. என் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து என் கையால் ஊற்றியதைக் குடித்துவிட்டுப் பொய் சொல்கிறான் என்று மெற்றில்டா நினைத்தாள். அதை வெளியே யாரிடமும் சொல்லவில்லை, சொல்லக் கூசினாள்.

ரசம் அவளுடைய துக்கத்துக்காக நிற்கவில்லை, அது தன்பாட்டுக்கு வாரா வாரம் மாறிக்கொண்டு வந்தது, மெற்றில்டா ஊர் முறைப்படி மற்றவர்கள் வீட்டில் எதிராளாக உட்கார்ந்து அதைக் குடித்தாள், குடிக்கிற நேரத்தில் சந்தோஷமாகவும் இருந்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். கடற்கரை மணலுக்குள் வேரை இறக்கி, கடல்காற்றுக்குத் தலை குனிந்து தரையோடு படர்கிற கொலாரிஷ் என்கிற ஊர்க் கொடியின் ரசம் ஒரு வாரம் வந்தது. வாயைச் சுருட்டிப் பிடித்து, உப்புக் காற்றும் நெல்லிக்காயும் கலந்து, விழுங்கினபிறகுதான் தன்னைக் காட்டுகிற அந்த ரசத்தைக் குடித்துவிட்டு, இது நம்ம தேரி மணலில் விளைந்ததுதான், பறங்கிக்காரன் திருடிக்கொண்டு போயிருப்பான் என்று கிழவர்கள் சாதித்தார்கள். அடுத்த வாரம் அலென்தேஜு என்கிற வெக்கை பூமியிலிருந்து, ஆள் உயர மண்தாழிக்குள் தோலோடும் விதையோடும் கிடந்து ஊறின ரசம் வந்தது, அதில் மழைக்கு முந்தின புழுதியும் காய்ந்த அத்திப்பழமும் இருந்தன. அதற்கு அடுத்து இனிப்பான போர்ட் வந்தது, பாதி நொதிக்கும்போதே சாராயத்தை ஊற்றி நிறுத்துவதால் பழத்தின் சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது என்று கொர்நேலி விளக்கினார், ஊர் விளக்கத்தைக் காதில் வாங்கவில்லை, தூத்துக்குடியிலிருந்து மக்ரூன் வாங்கிவர ஆள் அனுப்பியிருந்தது. முந்திரி மணக்கிற மக்ரூனைக் கடித்து, அது கரைவதற்குள் ஒரு மிடறு போர்ட் குடித்தவர்கள் வாயைத் திறக்கப் பயந்து கைஜாடையாலேயே அடுத்த மக்ரூனைக் கேட்டார்கள்.

அந்த வாரத்தில்தான் மதுவிலக்கு அதிகாரி ஜீப்பில் வந்தார். கடமை தவறாதவர், அதனால் யாரும் கொடுத்த நாற்காலியில் உட்காரவில்லை, பம்பைத் தானே அடித்து, தானே பிடித்து, நின்றபடி ஒரே மூச்சில் குடித்துப் பார்த்தார். முகம் கோணிற்று. கடும் உப்பு, குடிக்க உகந்ததல்ல என்று எழுதிக்கொண்டு, பம்பின் கழுத்தில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போடச் சொல்லிவிட்டு, இந்தத் தண்ணீரையா இவ்வளவு நாளாகக் குடிக்கிறீர்கள் என்று மனமிரங்கி, தண்ணீர் லாரிக்கு ஏற்பாடு செய்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி லாரியும் வந்தது. அவரைப் போல நல்ல அதிகாரி இந்தப் பக்கம் வந்ததில்லை என்று ஊர் இன்றைக்கும் சொல்கிறது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் பிறந்தபோது பம்பு இளைக்கத் தொடங்கியது. கைப்பிடியை அடிக்க அடிக்கக் கயிறு மாதிரிதான் வந்தது, வந்தது தேன் நிறத்தில், அடர்ந்து, வாசனையே ஒரு சாப்பாடு போல வந்தது. இது மதேரா, தீவு ரசம், இதுதான் கடைசியாக இருக்கும் என்றார் கொர்நேலி. பழைய காலத்தில் இதைப் பீப்பாயில் ஏற்றிக் கப்பலில் வெயில் கடலைத் தாண்டிக் கொண்டுபோனார்கள், வேறு ரசமாக இருந்தால் அந்தச் சூட்டில் கெட்டுப்போயிருக்கும், இது சூட்டிலும் ஆட்டத்திலும் வெந்து வெந்து முன்னைவிட நல்லதாகிக் கரை இறங்கியது, இனி இதை எதனாலும் கெடுக்க முடியாது, நூறு வருடம் திறந்து வைத்தாலும் இப்படியே இருக்கும் என்றார். நூறு வருடம் என்பதை ஊர் வழக்கம்போலப் பாதியாகக் கழித்துக்கொண்டது. ஈஸ்டர் பூசை முடிந்து வந்து பார்த்தபோது, வரிசையில் முதலில் நின்ற மெற்றில்டாவின் சொம்பில் பாதிக்கு வந்துவிட்டுப் பம்பு வெறும் காற்றை இழுத்தது.

பின்னால் நின்ற பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டார்கள். யாரும் பங்கு கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் யாரையாவது கூப்பிட்டு உட்காரவைத்துக் குடி என்று மட்டும் சொன்னார்கள், யாரை என்று சொல்லவில்லை. மெற்றில்டா சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு இரண்டு கிளாஸை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள். பண்டிகை மத்தியானத்தில் அங்கே ஒருவரும் இல்லை, ரெமிஜியுஸின் வள்ளம் மட்டும் அடிப்பக்கம் ஒட்டுப் போடுவதற்காக மணலில் ஏற்றிக் கிடந்தது, அதற்குள் அவன் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

சிப்பித்துறையில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை. கரையில் மீனை வாங்குவார்கள், வலையைத் தைப்பார்கள், ஆனால் வள்ளத்தின் விளிம்பைத் தாண்டிக் கால் வைப்பதில்லை, வைத்தால் கடல் கோபிக்கும் என்பது வழக்கம். மெற்றில்டா கிளாஸ்களை உள்ளே வைத்தாள், சொம்பை வைத்தாள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விளிம்பைப் பிடித்து ஏறி உள்ளே இறங்கினாள். கரையில் ஏற்றிய வள்ளம் கடல் கணக்கில் வராது, வீட்டுக் கணக்கில்தான் வரும் என்று ஊர்க்கமிட்டி பிற்பாடு கூடி முடிவு செய்தது. அந்த நேரத்தில் அவளுக்கு அது தெரியாது, பயந்துகொண்டேதான் ஏறினாள்.

"ஒங்கள வீட்டுக்குக் கூப்பிட வரல," என்றாள். "எதிர உக்கார வந்தேன்."

இரண்டு கிளாஸிலும் ஊற்றினாள். இருந்தது அவ்வளவுதான். அவன் கிளாஸை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், வெயில் அதற்குள் இறங்கி அவன் கால்மேல் மஞ்சளாக விழுந்தது. ஓடிப்போக இடமில்லாத மனிதன் முகத்தில் வருகிற ஒரு அமைதி அவன் முகத்தில் வந்தது. எடுத்து ஒரு மிடறு குடித்தான், வாய்க்குள் வைத்துக்கொண்டே இருந்தான், விழுங்கினான்.

"எனக்கு ஒண்ணுந் தெரியல, மெற்றில்டா."

"என்ன தெரியல?"

"உப்பு தெரியல, உறைப்பு தெரியல. அந்தக் காய்ச்சல் வந்து போனதுலேருந்து நாக்குல ஒண்ணுமே இல்ல. வாசமும் இல்ல. நீ வைக்கிற குழம்பும் சுடுதண்ணியும் எனக்கு ஒண்ணுதான்."

"பெறவு எதுக்கு அந்தக் கடையில போய்க் குடிக்கிய?"

"அது எரியும்," என்றான் அவன். "எரியிறது மட்டுந்தான் தெரியும்."

உப்பில்லாத குழம்பை அவன் முன்னால் வைத்த நாள் மெற்றில்டாவின் நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்தது. அவள் ஒரு தப்புக் கணக்கை வைத்துக்கொண்டு நான்கு வருடம் அவனோடு சண்டை போட்டிருக்கிறாள், அவனுக்குத் தெரியாமலே. அழுகை வந்தது, அழுதாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அழுகைக்கு நடுவிலேயே திட்டவும் திட்டினாள்.

"நீ எதப் பாத்து என்னக் கட்டுன?" என்று கேட்டான் ரெமிஜியுஸ். "அது போயிட்டுன்னு எப்படிச் சொல்லுவேன்?"

பதில் சொல்ல வாயெடுத்தவள், அவன் கையிலிருந்த கிளாஸைப் பார்த்து நின்றுவிட்டாள். அவன் குடித்திருக்கிறான், ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறான், ரசம் வெளுக்கவில்லை. தேன் நிறம் அப்படியே, துளியும் மங்காமல், வெயிலை வாங்கிக்கொண்டு நின்றது. அவனுக்கும் காட்டினாள். அவன் கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பொய் சொல்லிப் பழகின மனிதனுக்கு அதை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எப்படி இருக்கு, சொல்லு," என்றான். "நீ குடிச்சிச் சொல்லு."

மெற்றில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு குடித்தாள். வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் அவள் ருசி பார்த்ததில்லை. முதலில் கருப்பட்டி என்றாள், பானையில் காய்ச்சி இறக்கும்போது ஓரத்தில் லேசாகத் தீய்ந்த கருப்பட்டி. அப்புறம் வறுத்த முந்திரி, தோலோடு. அப்புறம் நார்த்தங்காய், ஊறுகாய் போட வெயிலில் காயவைத்த நார்த்தங்காய். இனிப்பு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது புளிப்பு ஒன்று அடியிலிருந்து எழும்பி வருகிறது, அது நாக்கைக் கழுவிவிட்டு அடுத்த மிடறைக் கேட்கிறது. எல்லாவற்றுக்கும் கடைசியில், மரப்பலகை, வெயில், உப்பு, இதோ நாம் உட்கார்ந்திருக்கிற இந்த இடம். அவள் சொல்லச் சொல்ல அவன் ஒவ்வொரு மிடறாகக் குடித்தான், ஒவ்வொன்றையும் அவள் வார்த்தையோடு சேர்த்து வாய்க்குள் வைத்திருந்து விழுங்கினான், தீய்ந்தது அடியிலா ஓரத்திலா என்று நடுவில் ஒரு கேள்வியும் கேட்டான். ஓரத்தில் என்றாள் அவள்.

இரண்டு கிளாஸும் தீர்ந்தன. பம்பும் தீர்ந்துபோனது என்று அவள் சொன்னாள். அவன் தலையசைத்தான், கிளாஸைக் கவிழ்த்துப் பலகையில் வைத்தான், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"இந்த நாலு வருசமா நீ என்னென்ன குழம்பு வச்ச?" என்று கேட்டான். "ஒவ்வொண்ணும் எப்படி இருந்துச்சி? சொல்லு, எனக்கு ஒண்ணுமே தெரியாதுல்லா."

மெற்றில்டா யோசித்தாள். காய்ச்சல் விட்ட அந்த வாரம் அவள் வைத்தது பாறைமீன் குழம்பு. அதிலிருந்து ஆரம்பித்தாள்.